குறைமாதக் குழந்தையின் கண்

கடன் பத்திரத்தின் தவணை நாளை நம் வியாபாரிகள் மறப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணுக்கும் ஒரு தவணை நாள் உண்டு. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கண்ணின் உட்புறத்தில் காட்சியைப் பதியச் செய்யும் மெல்லிய திரைக்கு விழித்திரை என்று பெயர். குழந்தை தாயின் வயிற்றில் இருக்கையில், நான்காம் மாதமளவில் இத்திரையின் நடுவிலிருந்து இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்கி, பிரசவ காலத்தையொட்டியே ஓரத்தை எட்டுகின்றன. குழந்தை முந்திப் பிறந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது. பிறகு சில குழந்தைகளுக்குக் குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, இரத்தம் கசிந்து, தழும்பு கட்டுகிறது. அத்தழும்பு சுருங்கும்போது திரையையே பெயர்த்துவிடும்.

1942-ல் பாஸ்டன் நகரில் டெர்ரி என்ற கண் வைத்தியர் இந்நோயை முதலில் விவரித்தார். அதையடுத்த ஆண்டுகளில் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இதனால் பார்வை இழந்தன. உயிரைக் காக்கவென்று தாராளமாகக் கொடுத்த பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951-ல் மெல்போர்னில் கேட் காம்பெல் என்ற வைத்திய அம்மையார் எழுதினார். அமெரிக்கச் சோதனைகள் அதை உறுதி செய்தன. இப்போது பிராணவாயுவை அளந்து கொடுக்கிறார்கள். ஆயினும் நோய் ஒழியவில்லை; முன்பு பிழைக்காத சின்னஞ்சிறு சிசுக்கள் இன்று பிழைக்கின்றன அல்லவா!

வெளியே பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். கருமணியில் வெள்ளை தெரிந்த பிறகு ஓடுவது, கப்பல் போன பின் துறைமுகத்துக்கு ஓடுவதுதான்.

பரிசோதனைக்குரிய அளவு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில், 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தையின் கண்ணை 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால், அல்லது 1200 கிராமுக்குக் குறைந்திருந்தால், இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரித்து, விளக்கொளியில் உள்ளே நோக்குவார்கள். சில நிமிட வேலை. நோய் முற்றினால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் சிகிச்சை செய்தாக வேண்டும். பெரும்பாலான கண்கள் காப்பாற்றப்படுகின்றன.

பிள்ளை பெற்றவளையும் சிசுவையும் நாற்பது நாள் வெளியே அனுப்பாத வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கந்தான், தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் முப்பதாம் நாள் அந்த நாற்பதுக்குள் அடங்கிவிடுகிறதே! தாய் வீட்டில் இருக்கட்டும். பாட்டியோ மாமனோ குழந்தையைத் தூக்கிச் செல்லலாம். ஒருமுறை பார்த்தால் போதாது. குழாய்கள் ஓரத்தை எட்டும்வரை, வைத்தியர் சொல்லும் தேதிகளில் மீண்டும் மீண்டும் காட்ட வேண்டும்.

குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு இங்கே கடை நடத்தும் சகோதரர்களே! பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் ஆணா பெண்ணா, எடை என்ன என்று கேட்கிறீர்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, கண் பரிசோதனை எந்தத் தேதியில் என்பதையும் கேட்டு, கடை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.