திமிங்கிலங்கள்: நாம் நம்புவதும் உண்மையும்

இன்று உலகில் வாழும் உயிரினங்களுள் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம். இத்தகைய பேருயிரை அல்லாஹ் நமது நாட்டின் கரைக்கு அண்மையிலேயே உலவ விட்டிருக்கிறான். உரிய பருவத்தில் மிரிஸ்ஸவிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ படகில் சென்றால் அதனைக் காணலாம். ஆயினும் திமிங்கிலங்களைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகள் பல தவறானவை. அவற்றுட் சில வெறும் அறியாமை. சிலவோ அந்த உயிரினத்துக்கே தீங்கானவை. ஐந்து தப்பெண்ணங்களை மட்டும் இங்கு பார்ப்போம்.

1. "திமிங்கிலம் ஒரு பெரிய மீன்"

கடலில் நீந்துவதால் இவ்வாறு எண்ணுகிறோம். மீன் பூக்களால் சுவாசிக்கிறது. திமிங்கிலத்துக்கோ நம்மைப் போல நுரையீரல் உண்டு. ஆகவே மூச்செடுக்க அது நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். மீனின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமுமாக அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாக அமைந்து மேலும் கீழுமாக அடிக்கும். அது குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நீலத் திமிங்கிலக் குட்டி தாய்ப்பாலை மட்டும் குடித்தே நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிலோகிராம் எடை கூடுகிறது. அதன் தலையிலிருந்து பீறிட்டெழுவதும் குடித்த கடல்நீர் அன்று. வேகமாக வெளிவிடும் மூச்சுக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீர்த்துளிகளாகத் தெரிகிறது.

2. "திமிங்கிலங்கள் மனிதரை வேட்டையாடி விழுங்கும்"

நீலத் திமிங்கிலத்தின் வாய் பெரிது, தொண்டையோ ஒடுங்கியது. அதன் உணவு இறாலை ஒத்த மிகச் சிறு உயிரினங்களே. பற்களையுடைய ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆழ்கடலில் கணவாய்களைத் தேடி உண்கிறது. மனிதன் இவ்விரண்டுக்கும் இரையல்ல.

அப்படியாயின் யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு என்ன என்று ஒரு மாணவி கேட்கலாம். அல்குர்ஆன் அங்கு "ஹூத்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. அது எந்த இனம் என்று வரையறுக்கவில்லை. அந்நிகழ்வு அல்லாஹ்வின் நாட்டத்தால் நடந்த அற்புதம். அதைக் கொண்டு திமிங்கிலத்தின் அன்றாட இயல்பைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

3. "அம்பர் என்பது திமிங்கிலத்தின் வாந்தி"

வாசனைத் திரவியங்களில் சேர்க்கப்படும் அம்பர், ஸ்பேர்ம் திமிங்கிலங்களுள் மிகச் சிலவற்றின் குடலில் உருவாகிறது. செரிமானமாகாத கணவாய் அலகுகளைச் சுற்றி இது திரள்கிறது. பெரும்பாலும் கழிவுடனோ, விலங்கு இறந்த பின்னரோ வெளிப்பட்டு, நெடுங்காலம் கடலில் மிதந்து கரையொதுங்குகிறது என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு ஸஹாபாக்கள் பசியால் வாடியபோது, "அன்பர்" எனப்படும் பெரும் கடல்வாழ் உயிரினம் கரையில் கிடந்ததையும், அதன் விலா எலும்பை நிறுத்தியபோது ஓர் ஒட்டகம் அதன் கீழால் கடந்து சென்றதையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவர்கள் அதனைக் கொல்லவில்லை. கடல் ஒதுக்கித் தந்ததையே உண்டனர்.

4. "மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கில வேட்டை ஓய்ந்துவிட்டது"

ஒரு காலத்தில் மேலைநாடுகளின் விளக்குகள் திமிங்கில எண்ணெயால் எரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியதும் அந்தத் தேவை குறைந்தது உண்மையே. ஆனால் பெரும் அழிவு அதற்குப் பின்னரே வந்தது. பாய்க்கப்பல்களுக்கு எட்டாத வேகத்தில் நீந்திய நீலத் திமிங்கிலத்தை நீராவிக் கப்பல் எட்டிப் பிடித்தது. நோர்வே நாட்டவரான ஸ்வென் ஃபொயின் 1860களில் உருவாக்கிய, வெடிக்கும் ஈட்டியை எய்யும் பீரங்கி அதனைக் கொன்றது. எண்ணெய் சவர்க்காரமாகவும் மாஜரினாகவும் மாறியது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம். நமது இந்து சமுத்திரமும் தப்பவில்லை. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இதன் வடபகுதியில் ஆயிரத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன.

5. "வேட்டை தடைசெய்யப்பட்டதால் இனி ஆபத்தில்லை"

இதுவே மிகவும் தீங்கான எண்ணம். சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு வணிக வேட்டையை நிறுத்த 1982இல் தீர்மானித்தது. 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. எனினும் நோர்வே அதனை ஏற்கவில்லை. ஜப்பான் 2019இல் ஆணைக்குழுவிலிருந்தே விலகி வேட்டையைத் தொடர்ந்தது.

நமது கடலில் ஈட்டி இல்லை. ஆனால் கப்பல் உண்டு. உலகின் மிக நெருக்கடியான கப்பற்பாதைகளுள் ஒன்று தெய்வேந்திரமுனைக்கு அருகால் செல்கிறது. திமிங்கிலங்கள் இரை தேடுவதும் அங்கேதான். வேறு கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல இரைக்காகத் துருவக் கடல்களுக்குச் செல்லும். நம்முடையவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. இந்த வேறுபாட்டை உலகறியச் செய்தவர், நமது நாட்டின் கடல் உயிரியலாளர் கலாநிதி ஆஷா டி வோஸ் என்ற பெண்மணி. கப்பலில் மோதி இறக்கும் திமிங்கிலங்களுக்காகவும் அவர் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறார். பாதையைச் சற்றுத் தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து பெரிதும் குறையும் என்பது ஆய்வுகளின் முடிவு. எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கு நோக்கி விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. ஓர் உண்மையை அறிந்ததால் ஏற்பட்ட மாற்றம் இது.

மாணவிகளே, பெற்றோர்களே! குடும்பத்துடன் திமிங்கிலம் பார்க்கச் சென்றால், "இன்னும் கிட்டப் போங்கள்" என்று படகோட்டியிடம் கேளாதீர்கள். "தூரத்தில் நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். பூமியிலும் கடலிலும் உள்ளவற்றுக்கு மனிதனை அல்லாஹ் பொறுப்பாளனாக ஆக்கியிருக்கிறான். ஒன்றைப் பிழையாக அறிந்துகொண்டு அதற்குப் பொறுப்பாளராக இருக்க நம்மால் இயலாது.