தூஷணத்துக்கு ஆளானவரை வீடு கைவிடலாமா?



2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார், கல்லூரியில் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அப்பெண் தன் தொகுதி வேட்பாளர் ஒருவரைப் பற்றி முகநூலில் நான்கு வரி எழுதியிருந்தாள். இரண்டு நாளைக்குள் முன்பின் அறியாத பலர் வந்து அவளை வைதார்கள். அவள் ஒழுக்கத்தைப் பழித்தார்கள், மதத்தை இழுத்தார்கள், கல்லூரி வாசலில் பார்த்துக்கொள்வதாகவும் ஒருவன் எழுதினான். “சாமி, பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்றார் தகப்பனார். நானும், “எழுதியதை எடுத்துவிடு அம்மா, இனி இதில் தலையிடாதே” என்று சொல்லி அனுப்பினேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள்.

அன்று நான் சொன்னது பிழை. அது ஏன் பிழை என்பதே இவ்வாரப் பாடம்.

1. அரசியல் அபிப்பிராயம் சொல்வது குற்றமா?

குற்றமன்று. நம் அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு பிரஜைகள் அனைவருக்கும் பேச்சுரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை கைபேசியில் எழுதுவதற்கும் உண்டா என்ற கேள்வி ஒரு சமயம் நாட்டையே உலுக்கியது. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே காலமானார். மும்பையும் சுற்றுப்புறமும் கடையடைத்தன. இப்படி அடைக்கத்தான் வேண்டுமா என்ற பொருளில், பால்கர் ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினாள். அவள் தோழி அதற்கு விருப்பக் குறி இட்டாள். இருவரும் கைதானார்கள். ஒரு கூட்டம் அப்பெண்ணின் உறவினருடைய மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

அந்தக் கைதுக்கு ஆதாரமாயிருந்தவற்றுள் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவு. ஓர் இளம்பெண் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாததாக்கியது. ஒரு விஷயத்தை விவாதிப்பதும், ஒரு பக்கத்தை ஆதரித்துப் பேசுவதும் உரிமை. குற்றத்துக்குத் தூண்டிவிடுவது மட்டுமே தடுக்கத்தக்கது என்று தீர்ப்பில் தெளிவாக்கியது. ஆகவே, நேர்மையாகக் கேள்வி கேட்ட பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை.

2. வைகிறவர்களின் நோக்கம் யாது?

கருத்தை மறுக்கிறவன் எதிர்வாதி. அவனுக்குப் பதில் சொல்லலாம். அவன் சொல்வது சரியானால் நம் பிழையை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஆளைத் தூஷிக்கிறவனோ கருத்தைத் தொடுவதேயில்லை. வாயை அடைப்பதே அவன் எண்ணம். 2019 பொதுத் தேர்தல் சமயத்தில் நம் நாட்டுப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரைக் குறித்து ட்விட்டரில் எழுதப்பட்டவற்றை ஆம்னெஸ்டி அமைப்பு ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று தூஷணமாகவோ தகாததாகவோ இருந்ததாகக் கண்டது. பதவியும் பாதுகாப்பும் உள்ளவர்களுக்கே இந்தக் கதியானால், நம் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

3. தூஷணத்துக்கு ஆளானவர் செய்ய வேண்டியது யாது?

முதலாவது, பதிலுக்கு வையலாகாது. சேற்றில் இறங்கி வாதாடினால் இருவரும் ஒரே நிறமாவார்கள்.

இரண்டாவது, எதையும் அவசரப்பட்டு அழிக்கலாகாது. எழுதியதை எடுத்துவிட்டால், அதன் கீழே மற்றவர்கள் எழுதிய மிரட்டலும் சேர்ந்து மறைந்துபோகும். என் புத்திமதியால் நேர்ந்தது இதுவே. அவளை மிரட்டியவனுக்கு எதிரான சாட்சியத்தை நானே அழிக்கச் சொல்லிவிட்டேன். தேதியும் எழுதியவர் பெயரும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்த பிறகே, அந்த ஆட்களைத் தடை செய்து, அந்நிறுவனத்திடம் புகார் செய்யவேண்டும்.

மூன்றாவது, வெறும் வசவையும் மிரட்டலையும் பிரித்தறிய வேண்டும். வசவைப் புறக்கணிக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று மிரட்டினால் போலீஸுக்குப் போகவேண்டும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு மிரட்டலைக் குற்றமென்கிறது. பெயரை மறைத்து மிரட்டுகிறவனுக்கு அதே பிரிவில் கூடுதல் தண்டனையும் உண்டு.

4. வீட்டார் செய்ய வேண்டியது யாது?

முக்கியமானது இதுவே. ஊரார் வைதது பாதிக் காயம், “உனக்கு ஏன் இந்த வேலை?” என்று வீடு கேட்பது மறுபாதி. எங்கோ இருக்கும் அந்நியன் தொடங்கிய காரியத்தை, பெற்ற தகப்பனும் பங்குச் சாமியாரும் முடித்துக்கொடுத்தோம். பிள்ளை எழுதியதை முதலில் வாசியுங்கள். அதில் பிழையிருந்தால் அன்பாய்த் திருத்துங்கள். வந்து குவியும் வசவுகளை அவள் ஒருத்தியாகப் படிக்க விடாதீர்கள். கைபேசியை வாங்கி, படமெடுத்து வைக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள். காவல் நிலையம் போகவேண்டுமானால் கூடப் போங்கள்.

5. நம் கைகள் சுத்தமானவையா?

வைதவர்கள் எல்லாரும் வேற்றுக் கிரகத்தவரல்லர். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகளே. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எதிர்க்கட்சிப் பெண்ணொருத்தியைக் கேலி செய்யும் படம் வந்தால், சிரித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம் அல்லவா? பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கற்பனை, பிறர் பெயரைக் கெடுப்பதையும் விலக்குகிறது என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். விரலால் தள்ளிவிட்டதும் அதில் சேர்த்தியே.

சில வாரங்களுக்கு முன் அப்பெண்ணையும் தகப்பனாரையும் அழைத்து, என் பிழையைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அன்றைக்கு நான் எழுதினதை நீங்கள் வாசித்தீர்களா, சாமி?” நான் வாசிக்கவில்லை. தகப்பனாரும் வாசிக்கவில்லை. அந்த நான்கு வரியை அவள் நினைவிலிருந்து சொன்னாள். வேட்பாளர் கொடுத்த வாக்குறுதி ஒன்று என்னவாயிற்று என்ற கேள்வி, வேறொன்றுமில்லை.

வீட்டில் கலந்து பேச:

(அ) நம் பிள்ளைகளுள் யாரேனும் இப்படித் தூஷணத்துக்கு ஆளாகி, நம்மிடம் சொல்லாமல் இருக்கிறார்களா?

(ஆ) அப்படிச் சொல்ல வந்தால், நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எதுவாயிருக்கும்?

(இ) சென்ற மாதம் நாம் பிறருக்கு அனுப்பியவற்றுள், அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாதது எது?