கொள்ளை நோய்க் காலத்தில் எக்ஸ்ரே

செஞ்சிக் கோட்டையின் மலைகளைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலிருந்து விழுப்புரம் செல்ல ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கிப் பேருந்துகள் நின்றபோது, அத்தொலைவு மேலும் நீண்டதுபோல் ஆயிற்று. இருமும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா, வீட்டில் வைத்துப் பார்ப்பதா? இவ்வினாவுக்கு விடைகாண மருத்துவருக்கு எக்ஸ்ரே படம் துணை செய்யும்.

ஆனால் கோவிட் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி எக்ஸ்ரே என்று பலர் எண்ணிவிட்டனர். நோயை உறுதி செய்வது மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் மாதிரியின் சோதனையே. படம் காட்டுவது நுரையீரலின் நிலையை. வேறு கிருமிகளால் வரும் நிமோனியாவும் படத்தில் அவ்வாறே தோன்றக்கூடும். நோயின் தொடக்க நாட்களிலோ படம் தெளிவாகவே இருக்கலாம். ஆதலின், ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று மகிழ்ந்து சந்தைக்கும் திருமணத்திற்கும் செல்பவர் நோயைப் பரப்பிவிடக்கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூன் திங்களில் இதுபற்றி அறிவுரை வழங்கியது. சோதனை முடிவு காலத்தே கிடைக்குமாயின், நோயை உறுதி செய்யப் படம் வேண்டா. சோதனை கிடைக்காத இடத்தும், முடிவு தாமதமாகும் இடத்தும் படம் பயன்படும். நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதா என்று முடிவு செய்யவும் உதவும் என்பது அதன் சாரம். வசதி குறைந்த ஊர்களுக்கு இது மிகவும் பொருந்துவதாகும்.

சி.டி. ஸ்கேன் நுணுக்கமாகக் காட்டும் என்பது மெய்யே. எனினும் அதில் உடலிற் படும் கதிர் பன்மடங்கு, செலவும் மிகுதி, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அறையைத் தூய்மை செய்யக் காலம் பிடிக்கும். இலேசான காய்ச்சலுக்குக் கடன்பட்டு ஸ்கேன் எடுத்தல் வீண் என்பதே நம் கருத்து. சக்கரம் பூட்டிய எக்ஸ்ரே கருவியைக் கட்டிலருகே கொண்டு செல்லலாம். படத்தைத் தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். விரலில் மாட்டும் அளவி ஆக்சிஜன் 94க்குக் கீழ் எனக் காட்டினால், படத்திற்கும் காத்திராது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

கொள்ளை நோய் தணிந்தபின் கருவி உறங்கவேண்டியதில்லை. 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடைபெற்ற காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டறியப்பட்டோருள் 42.6 விழுக்காட்டினர் எக்ஸ்ரே இல்லையேல் தப்பிப் போயிருப்பர் எனத் தெரிந்தது. அவர்களுட் பலருக்கு அறிகுறியே இல்லை. எனவே எக்ஸ்ரே ஊர்தி வருமாயின், பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னாளே தெருத்தோறும் அறிவித்தல் நலம். வயல்வேலைக்குச் செல்வோர் காலையிலேயே வந்து போகலாம். கருவுற்ற பெண்கள் படம் எடுக்குமுன் அதனைப் பணியாளரிடம் கூறிவிட வேண்டும்.