டிரம் செட்டின் வயது என்ன?

ஒரு மனிதரின் வயதை அறியப் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறோம். வெட்டப்பட்ட மரமானால் அடிமரத்திலுள்ள வளையங்களை எண்ணுகிறோம். சான்றிதழும் இல்லாத, வெட்டிப் பார்க்கவும் கூடாத ஒரு பொருளின் வயதை எப்படி அறிவது? அண்மையில் ஒரு பழைய டிரம் செட் எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். முதியவர் ஒருவரிடம் அமெரிக்காவில் செய்யப்பட்ட 'லுட்விக்' டிரம் செட் ஒன்று விலைக்கு வந்திருந்தது. கப்பலில் வேலை பார்த்த தம் அண்ணன் கொண்டுவந்தது என்றும், 1962-இல் செய்யப்பட்டது என்றும், அதிலுள்ள ஸ்னேர் டிரம்மின் உடல் பித்தளை என்றும் பெரியவர் கூறினார். மாணவரின் இரண்டாண்டுச் சேமிப்பு முழுவதும் அந்த விலைக்குப் போய்விடும். "சார், வாங்கும் முன் நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்றார். காந்தம், தராசு, அளவுகோல், டார்ச் விளக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஏன் இந்த மதிப்பு?

லுட்விக் நிறுவனம் 1909-இல் சிகாகோ நகரில் வில்லியம், தியோபால்டு என்ற இரு சகோதரர்களால் தொடங்கப்பட்டது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறையாக நேரடியாகத் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தனர். ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்மின் முகப்பில் 'லுட்விக்' என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் அந்த டிரம்களுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. ரிங்கோ 1963-இல் வாங்கிய முதல் லுட்விக் செட், 2015-இல் நடந்த ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. எல்லாப் பழைய டிரம்களும் இப்படி விலைபோவதில்லை. ஆயினும் எந்த ஆண்டில் செய்தது, எல்லாப் பகுதிகளும் அதற்கே உரியவைதானா என்பவற்றைப் பொறுத்து விலை பெரிதும் மாறும்.

முதல் சோதனை: காந்தமும் தராசும்

லுட்விக் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'சுப்ராபோனிக்' ஸ்னேர் டிரம்மின் உடல் தொடக்கத்தில் பித்தளையால் செய்யப்பட்டு, மேலே குரோமிய முலாம் பூசப்பட்டது. சுமார் 1963-இல் பித்தளைக்குப் பதில் அலுமினியக் கலவை வந்தது. முலாம் ஒன்றே ஆதலால் கண்ணால் வேறுபாடு தெரியாது. பித்தளையில் ஆனவை குறைவு. எனவே விலை அதிகம்.

மாணவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "சார், அப்படியானால் பித்தளைதானே?" என்றார் மகிழ்ச்சியுடன். நீங்கள் என்ன சொல்வீர்கள்? காந்தம் ஒட்டவில்லை என்றால் சாதாரண எஃகு அன்று என்று மட்டுமே பொருள். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாதே!

இங்கே நமக்கு உதவுவது அடர்த்தி. பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8.5 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். டிரம்மின் விட்டம் 35.5 செ.மீ., உயரம் 12.7 செ.மீ. உலோகத் தகட்டின் தடிமன் 1 மி.மீ., அதாவது 0.1 செ.மீ., எனக் கொள்வோம். உருளையின் சுற்றளவு 3.14 x 35.5 = 111.5 செ.மீ. இதை உயரத்தாலும் தடிமனாலும் பெருக்கினால் உலோகத்தின் கன அளவு ஏறத்தாழ 142 கன செ.மீ. என வரும். பித்தளையானால் எடை 142 x 8.5 = 1,207 கிராம். அலுமினியமானால் 142 x 2.7 = 383 கிராம். விளிம்பு மடிப்புகளால் எடை சற்றுக் கூடலாம். ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம் அதனால் மறைந்துவிடாது.

பெரியவரின் அனுமதி பெற்று, திருகுகளையும் வளையங்களையும் கழற்றி, வெறும் உடலைத் தராசில் வைத்தோம். முள் அரைக் கிலோவைச் சற்றே தாண்டி நின்றது. அலுமினியம்!

இரண்டாவது சோதனை: பெயர்த்தகடு

டிரம்மின் காற்றுத்துளையில் ஒரு சிறு வளையத்தால் பெயர்த்தகடு பொருத்தப்பட்டிருக்கும். 1963-இன் பிற்பகுதியிலிருந்துதான் லுட்விக் தன் பெயர்த்தகடுகளில் வரிசை எண்ணைப் பொறித்தது. நாங்கள் பார்த்த நான்கு டிரம்களிலும் எண் இருந்தது. அப்படியானால் 1962 என்பது எப்படிப் பொருந்தும்?

எண்ணைக் கொண்டே துல்லியமான தேதியைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அது இயலாது. தொழிற்சாலையில் பெயர்த்தகடுகளை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. மேலும் தகடு கழற்றி மாட்டக்கூடிய பொருள். ஆகவே வளையத்தைச் சுற்றிக் கீறலோ நசுங்கலோ உண்டா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது சோதனை: ஒளி வரைந்த நிழல்

வீட்டுச் சுவரில் நெடுநாள் தொங்கிய காலண்டரை எடுத்தால், அது இருந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் பளிச்சென்று தெரியும் அல்லவா? டிரம்மின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையிலும் இதுவே நிகழ்கிறது. ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. வெண்முத்து நிறம் பல ஆண்டுகளில் மஞ்சளாகிறது. உறைமேல் பொருத்தப்பட்ட உலோகப் பகுதிகளின் அடியில் மட்டும் பழைய வெண்மை தங்கிவிடுகிறது. இந்த நிழலை ஒரே நாளில் போலியாக உண்டாக்குவது எளிதன்று.

பெரிய டிரம்மிலும் சிறிய டாமிலும் ஒவ்வோர் உலோகப் பகுதியைக் கழற்றினோம். அடியில் வெண்மை, சுற்றிலும் மஞ்சள். நிழலின் ஓரம் உலோகத்தின் ஓரத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தியது. தரையில் நிற்கும் பெரிய டாமில் மட்டும் உலோகத்தின் அடியிலும் வெளியிலும் நிறம் ஒன்றாகவே இருந்தது. அதன் பெயர்த்தகட்டு வளையமும் நெளிந்திருந்தது.

நான்காவது சோதனை: உட்புறம்

டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தோம். 1960-களின் முற்பகுதியிலிருந்து சுமார் 1968 வரை லுட்விக் தன் மர டிரம்களின் உட்புறத்தில் புள்ளிகள் தெளித்தாற்போன்ற சாம்பல் நிறப் பூச்சைப் பூசியது. அதன்பின் மரம் தெரியும்படி நிறமற்ற பூச்சு வந்தது. பெரிய டிரம்மிலும் சிறிய டாமிலும் சாம்பல் பூச்சு இருந்தது. மை முத்திரையில் 1965 என்ற ஆண்டும் தெரிந்தது. தரை டாமின் உள்ளே மரம் தெரிந்தது, முத்திரை இல்லை.

விடை ஒரு சமன்பாடு அன்று

இப்போது கணக்கைச் செய்து பாருங்கள். செய்த ஆண்டை x என்போம். வரிசை எண் இருப்பதால் x, 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. சாம்பல் பூச்சு இருப்பதால் x ஏறத்தாழ 1968-ஐத் தாண்டியிருக்க முடியாது. ஒவ்வொரு சோதனையும் நமக்கு x = இத்தனை என்ற சமன்பாட்டைத் தரவில்லை; ஒரு சமனிலியை மட்டுமே தருகிறது. சமனிலிகள் சேரச் சேர இடைவெளி குறுகுகிறது. 1965 என்ற முத்திரை அந்த இடைவெளிக்குள் பொருந்துகிறது. முத்திரை மட்டும் இருந்திருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

எந்தப் பகுதியைச் சான்றாகக் கொள்வது என்பதிலும் கவனம் தேவை. டிரம்மின் முகத்தில் இன்று இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் தாள். 1957-இல்தான் அது விற்பனைக்குப் பரவலாக வந்தது. அதற்குமுன் கன்றுத்தோலைப் பயன்படுத்தினர். ஆனால் பாலியஸ்டர் இருப்பதால் டிரம் 1957-க்குப் பிந்தியது என்று முடிவு கட்டலாமா? கூடாது. சைக்கிளுக்குப் புது டயர் போட்டால் சைக்கிள் புதிதாகிவிடுமா? தேய்ந்து மாற்றப்படும் பகுதிகள் வேறு. உடலோடு பிறந்த பகுதிகள் வேறு.

எங்கள் முடிவு இதுதான்: இரண்டு டிரம்கள் 1965-ஐச் சேர்ந்த உண்மையான லுட்விக். ஸ்னேரும் உண்மையான லுட்விக், ஆனால் அலுமினியம். தரை டாம் பின்னாளில் வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "அண்ணன் 1962 என்றுதான் சொல்லுவார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். பிறகு அவரே, "அப்படியானால் அந்த விலை நியாயம் இல்லை, தம்பி" என்று குறைத்துக்கொண்டார். மாணவர் மனநிறைவோடு வாங்கிக்கொண்டார். ஒருவர்மீது ஒருவர் சந்தேகம் கொள்ளாமல் வியாபாரம் முடிந்ததற்குக் காரணம், விடையைத் தராசும் ஒளியும் சொன்னதுதான்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பலவற்றில் ஒட்டாது. அவற்றில் இரும்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? அடுத்து, ஒரு சிறிய பித்தளைப் பொருளையும் ஓர் அலுமினியப் பொருளையும் எடைபோட்டு, நீரில் முழுவதும் அமிழ்த்தி, இடம்பெயரும் நீரை அளந்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். பழைய இசைக்கருவியை மட்டும் நீரில் அமிழ்த்திவிடாதீர்கள்! சோதிக்கும் பொருளுக்குச் சேதம் விளைவிக்காத சோதனையே இங்கு நல்ல சோதனை.