சுழி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுழி என்பது சுழலும் அசைவையும், அந்த அசைவைப் போல வளைந்த வடிவத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். ஆற்று நீர் வட்டமிட்டு உள்வாங்கும் இடம் சுழி. உச்சந்தலையில் மயிர் வளைந்து படியும் இடமும் சுழி. எழுத்தின் வளைவும், கணக்கில் ஒன்றுமில்லாததைக் காட்டும் வட்டமும் சுழிதான். வினையாகும்போது அது முகம் சுழிப்பது வரை நீளும். இத்தனை பொருளும் ஒரே சொல்லில் குவிந்திருப்பதால், அதைப் பற்றிய தவறான கருத்துகளும் பல உலவுகின்றன.

நம்பிக்கை: சுழி என்பது ‘சூனியம்’ என்ற வடசொல்லின் திரிபு.

உண்மை: இரண்டுக்கும் வேர் வேறு. சுழல், சுழற்று, சுழலி ஆகியவற்றோடு பிறந்தது சுழி. மலையாளத்தில் ‘சுழி’, கன்னடத்தில் ‘சுளி’, தெலுங்கில் ‘சுடி’ என்று இதன் உறவுச் சொற்கள் நீர்ச்சுழலைக் குறித்து இன்றும் வழங்குகின்றன. சூனியம் என்பதற்கு வெறுமை என்று பொருள். அதில் சுழலும் கருத்து இல்லை. அரபு மொழியினர் அந்தப் பொருளை ‘சிஃப்ர்’ என்று பெயர்த்துக்கொண்டனர். ‘சைபர்’, ‘ஜீரோ’ இரண்டும் அந்த வழியில் வந்தவை. தமிழில் சுழி என்ற பெயர் எண்ணின் மதிப்பால் வந்ததன்று, அதன் வட்ட வடிவத்தால் வந்தது.

நம்பிக்கை: பழைய தமிழ் எண்களிலேயே சுழி இருந்தது.

உண்மை: மரபான தமிழ் எண்முறைக்குச் சுழி தேவைப்படவில்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் இருந்தன. 2005 என்பதை ௨௲௫ என்று மூன்றே குறிகளில் எழுதிவிடலாம். நடுவில் வெற்றிடம் காட்ட வேண்டியதில்லை. இடமதிப்பு முறையைத் தமிழ் எண்களுக்கும் கையாளத் தொடங்கிய பிறகே ௦ சேர்ந்தது. யூனிகோடில் தமிழ்ச் சுழிக்கு இடம் கிடைத்தது 2005-இல்தான்.

நம்பிக்கை: ண, ன இரண்டுக்கும் சுழி எண்ணிக்கையில் மட்டுமே வேறுபாடு.

உண்மை: மூன்று சுழி, இரண்டு சுழி என்பவை எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உதவும் அடையாளப் பெயர்கள். வேறுபாடு ஒலியில் இருக்கிறது. ண-வுக்கு நாநுனி மேலண்ணத்தை நோக்கி வளையும். ன-வுக்கு மேற்பல்லின் பின்னுள்ள ஈறுப்பகுதியைத் தொடும். ஆகவேதான் ‘வண்டி’யில் டகரத்துக்கு முன் ண் வருகிறது, ‘கன்று’ என்பதில் றகரத்துக்கு முன் ன் வருகிறது. டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்கள் இந்த இனவுறவைக் காட்டுகின்றன. ஒலி மாறினால் பொருளும் மாறும்: மணம் வேறு, மனம் வேறு. பிராமி எழுத்தில் ணகரம் நேர்கோடுகளால் ஆனது. அதில் ஒரு சுழிகூட இல்லை.

நம்பிக்கை: கைகழுவும் தொட்டியில் நீர் எந்தப் பக்கம் சுழியும் என்பதைப் பூமியின் சுழற்சி முடிவு செய்கிறது.

உண்மை: தொட்டியின் வடிவம், குழாய் நீர் விழும் பக்கம், கை கலக்கிய அலை ஆகியவையே அதை முடிவு செய்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால், பூமியின் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விளைவு அங்கே மிக மிகச் சிறியது. அதைப் பிரித்துக் காண, 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷாப்பிரோ 6 அடி விட்டமுள்ள தொட்டியில் நீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, பிறகே அடைப்பைத் திறந்தார். முதல் 10 நிமிடங்களுக்குச் சுழற்சியே தென்படவில்லை. கடைசியில் நீர் இடஞ்சுழியாகச் சுழன்றது. 1965-இல் தென் அரைக்கோளத்தில் உள்ள சிட்னியில் நடந்த அதே வகைச் சோதனையில் நீர் வலஞ்சுழியாகச் சுழன்றது. இவ்வளவு பொறுமையை எந்த வீட்டுத் தொட்டியும் பெறுவதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த புயலில் இந்த விளைவு தெளிவாக வெளிப்படும். வங்கக்கடல் புயல்கள் யாவும் இடஞ்சுழியாகவே சுழல்வதற்குக் காரணம் அதுதான்.

நம்பிக்கை: ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம்.

உண்மை: தாய் வயிற்றில் கரு வளரும்போதே மயிர்க்கால்கள் உருவாகிவிடுகின்றன. தலைத்தோல் விரியும் போக்கில் அவை ஒரு பக்கமாகச் சாய்கின்றன. சாய்வுகள் கூடும் மையமே தலைச்சுழி. பெரும்பாலோருக்கு அது ஒன்று, வலஞ்சுழி. சிலருக்கு மட்டும் இரண்டு அமைகின்றன. மண வாழ்க்கையோடு இதற்குத் தொடர்பே இல்லை.

மாட்டுச் சந்தையிலும் சுழி பார்த்தே விலை பேசுகிறார்கள். அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கண்களுக்கு மேலே நெற்றிச்சுழி உள்ள மாடுகள் கட்டுக்குள் நிறுத்தும்போது அதிகம் மிரண்டது பதிவாகியுள்ளது. அது மாட்டின் குணத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. வாங்குபவரின் குடும்பத்துக்குச் சுழியால் நன்மையோ கேடோ வரும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. சுழியைக் காட்டி மாட்டின் விலையைக் குறைப்பதும், வந்த வரனைத் தட்டிக்கழிப்பதும் வெறும் சாக்கு.