இசைத்தட்டு மதிப்புரை

செய்யுளை மதிப்பிடுவோர் அதன் திணையை முன்னறிதல் வேண்டும். இசைத்தட்டை மதிப்பிடுவோர்க்கும் இஃதொக்கும். 1969-ஆம் ஆண்டில் லெட் செப்பலின் என்னும் ஆங்கிலக் குழுவினரின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை அவர்கள் பேரொலியும் வன்மையும் உடையதாக்கினர். ரோலிங் ஸ்டோன் இதழின் மதிப்புரையாளரோ, ஜெஃப் பெக் குழுவினர் முன்னரே செய்ததனினும் மிகுதியாக அதில் உள்ளது சிறிதே என இகழ்ந்தார். ஹார்டு ராக் என்னும் புதுவகை உருப்பெறுதலை அவர் உணர்ந்திலர். அவ்விதழே 2003-இல் தொகுத்த சிறந்த 500 இசைத்தட்டுகளின் வரிசையில் அதற்கு 29-ஆம் இடம் அளித்தது.

ஹெவி மெட்டல் இசையைக் கூச்சலென்று யாமும் ஒருகால் இகழ்ந்ததுண்டு. பாப் பாட்டிற்குரிய மெட்டினிமையை அதன்கண் தேடியதே எமது பிழை. கித்தாரின் வன்மையை நோக்கிக் கேட்டபின்னரே அதன் அழகு புலனாயிற்று. ஆதலின், வகையறிந்து, பன்முறை கேட்டு, குணமுங் குற்றமும் ஒருங்கே கூறுவதே நன்மதிப்புரை என்க.