லேபிளுக்குப் பக்கத்தில் கீறியிருப்பது

லெட் செப்பெலின் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1969 அக்டோபரில் வெளிவந்தது. அந்த வருடத்து அமெரிக்கப் பிரதிகள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் உறையும் ஒன்று, அட்லாண்டிக் லேபிளும் ஒன்று. ஆனால் ஒன்றின் விலை மட்டும் எட்டாத தூரத்தில் நிற்கும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரைக்கும் வழவழவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அதில் கையால் கீறிய இரண்டு எழுத்துதான் காரணம்: ஆர்.எல்.

ராபர்ட் லட்விக் என்பதன் சுருக்கம் அது. நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்டில் அந்த ஆல்பத்தை முதலில் வெட்டியவர் அவர். டேப்பில் இருந்த அடியையும் பாஸையும் கொஞ்சமும் அடக்காமல் தட்டில் இறக்கிவிட்டார். அட்லாண்டிக்கின் தலைவர் அகமத் எர்டிகனின் மகள் வீட்டு பிளேயரில் போட்டபோது ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளியதாம்; லட்விக்கே பேட்டிகளில் சொன்ன கதை இது. கம்பெனி உடனே பாஸைக் குறைத்து மறுபடி வெட்டச் செய்தது. உலகம் பல வருடம் கேட்டது அந்தச் சாதுவான தட்டைத்தான்.

ஒரே ஆல்பம் எப்படி இத்தனை விதமாக ஒலிக்கும்? ரெக்கார்டு தயாராகும் வழியைப் பார்த்தால் தெரியும். மாஸ்டர் டேப்பை ஓட்டி, அரக்குப் பூசிய லாக்கர் தட்டில் பொறியாளர் பள்ளம் வெட்டுவார். அதற்கு வெள்ளி முலாம் பூசி ‘ஃபாதர்’, அதிலிருந்து ‘மதர்’, அதிலிருந்து ‘ஸ்டாம்பர்’. ஸ்டாம்பரை அச்சு இயந்திரத்தில் பொருத்தித்தான் வினைலை அழுத்துகிறார்கள். டேப் எத்தனையாவது நகல், வெட்டியவர் யார், ஸ்டாம்பர் எவ்வளவு தேய்ந்தது என்று ஒவ்வொரு படியிலும் ஒலி கொஞ்சம் மாறும். அதனால் உறையில் போட்டிருக்கும் வருடத்தைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. தட்டைச் சாய்த்துப் பிடித்து, கைபேசி வெளிச்சத்தை ஓரமாக அடித்து, அந்த வளையத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும்.

இதில் ரசிக்கத்தக்கது பிரிட்டனின் இஎம்ஐ நிறுவனத்தின் வழக்கம். பீட்டில்ஸ் தட்டு ஒன்றில், வளையத்தில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை (அந்த வெட்டின் அடையாள எண்) ஆறு மணி இடத்தில் வைத்துக்கொண்டால், ஒன்பது மணி இடத்தில் ஓர் எண் தெரியும். அது மதரின் எண். மூன்று மணி இடத்தில் இருக்கும் எழுத்துகள் ஸ்டாம்பருக்கு உரியவை. ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதிலிருந்து எடுத்த பத்து எழுத்துகள் அவை: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படியே போய் டி என்றால் 0. ஒன்பது மணியில் 1, மூன்று மணியில் ஜி என்று இருந்தால் முதல் மதரின் முதல் ஸ்டாம்பர். ஆர்.ஏ. என்றால் இருபத்து மூன்றாவது. 1965-இன் ‘ரப்பர் சோல்’ மோனோவில் மேட்ரிக்ஸ் எண் ‘-1’ என்று முடிந்தால் அது சத்தம் தூக்கலாக வெட்டப்பட்ட முதல் வெட்டு. அதையும் சீக்கிரமே மாற்றிவிட்டார்கள். கல்கத்தா டம்டம் ஆலையிலும் பீட்டில்ஸ் தட்டுகள் அடித்தார்கள். நம் ஊர்ப் பழைய கடைகளில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அவைதான். அவற்றிலும் லேபிளைவிட மேட்ரிக்ஸைப் பார்ப்பதே நல்லது.

எழுத்து சரியாக இருந்தும் தட்டு பாழாகியிருக்கலாம். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பலர் கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பொருத்திய தடம் அது. நிறைய ஓடிய ரெக்கார்டு. அடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வாங்குகிறவர்களே அதிகம். முப்பத்து மூன்று சுற்றுத் தட்டில் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் தேய்மானமும் மோசமான வெட்டும் முதலில் வெளிப்படுவது அங்கேதான். பாடகரின் ‘ஸ’ ஒலி எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

வீட்டில் இரண்டு பிரதிகளை ஒப்பிடுகிறவர் முதலில் சத்த அளவைச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும். காதின் பலவீனம் அது. கழுவாத தட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் வீண். ‘180 கிராம்’ என்ற ஸ்டிக்கருக்கு, என்னைக் கேட்டால், ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். கனமான தட்டு கையில் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவே. வெட்டு மோசமென்றால் கனம் காப்பாற்றாது.

ஸ்டிக்கரை நம்புவதன் அபத்தம் 2022-இல் உலகறிய வெளிப்பட்டது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பல வருடங்களாகத் தன் விலையுயர்ந்த மறுபதிப்புகள் பலவற்றில், மாஸ்டர் டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவில் பதிந்துகொண்டு அதிலிருந்துதான் வெட்டியிருந்தது. முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்கும் வந்தது. அந்தத் தட்டுகளைக் கேட்டு உருகியவர்களில் அனலாக் பக்தர்களும் இருந்தார்கள். ஒலி அன்றும் நன்றாகத்தான் இருந்தது, மறுநாளும் அப்படியே இருந்தது.

முதல் பதிப்பே சிறந்தது என்பவர்களுக்குப் பதில் சொல்ல மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ போதும். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது, பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் இயக்கும்போது இசை வேகமாகி, சுருதி ஏறிவிட்டது. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அன்று பதிந்தவை. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22-இல் பதிந்தது, அதில் குறையில்லை. இந்தப் பிசகு திருத்தப்பட்டது 1992-இல்தான். பதிவு நாளன்று இன்னோர் இயந்திரத்தில் எடுத்திருந்த காப்பு டேப்பிலிருந்து பொறியாளர் மார்க் வைல்டர் சரியான சுருதியை மீட்டார். பிறகு கிளாசிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அதை வினைலிலும் கொண்டுவந்தது.

ஆக, லேபிளில் ஆறு கண் சின்னம் உள்ள 1959 கொலம்பியா தட்டுக்குப் பெருந்தொகை கொடுப்பவர், முதல் பக்கத்தைச் சுருதி விலகியே கேட்கிறார். அதில் மேட்ரிக்ஸ் எண்ணின் முடிவில் ‘1ஏ’ தேடி அலைவதும் தேவையில்லை. கொலம்பியா பல லாக்கர்களை வெட்டி வெவ்வேறு ஆலைகளுக்கு அனுப்பியது, 1எஃப் என்பதால் தட்டு தாழ்ந்துவிடாது. பணம் ஒரு பிரதிக்குத்தான் இருக்கிறது என்றால் நான் சுருதி திருத்திய மறுபதிப்பையே வாங்கச் சொல்வேன். இன்னொன்றுக்கும் இருந்தால், கீறலில்லாத ஆறு கண் தட்டு ஒன்றை எடுத்து, அதன் இரண்டாம் பக்கத்தை மட்டும் போட்டுக் கேட்கலாம்.